கண்டிச் சீமைப் பாட்டு

1869ஆம் ஆண்டு இலங்கையின் மலைநாட்டுக்கு இரண்டு வகையில் முக்கியமானது. அந்த ஆண்டுதான் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சை தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் அது கோப்பித் தோட்டங்களைத் துடைத்தெறிந்து தேயிலைக்கு இடம்விட்டது. அதே ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்றொரு பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். மலையகத்தைப் பற்றி அச்சேறிய முதல் தமிழ்ப் பாட்டு நூல் என்று ஆய்வாளர்கள் பலர் இதைத்தான் காட்டுகிறார்கள். கோப்பி பயிரிடும் முறையைக் கும்மி மெட்டில் சொல்லிக்கொடுப்பது நூலின் நோக்கம். தோட்டத் துரைமார் கூலிகளோடு பேசத் தமிழ் கற்கும் கைநூலையும் எழுதியவர் அவரே. கும்மியில் கேட்பது யாருடைய குரல் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த வேலையைச் செய்தவர்களும் கும்மி அடித்தார்கள், தெம்மாங்கு பாடினார்கள், பிள்ளையைத் தாலாட்டினார்கள், செத்தவருக்கு ஒப்பாரி வைத்தார்கள். அவற்றை ஒருவர் திரட்டிப் புத்தகமாகப் போட மேலும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டது 1820களின் நடுவில். அதையொட்டித் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று வறட்சியும் சாதியும் வாட்டிய ஊர்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்தார்கள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டினார்களாம். இன்றும் தோட்டத்துப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேற வேண்டும். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் போனவர்கள் போக, மிச்சம் பேர் தோட்டம் சேர்ந்தார்கள். 1884இல் ரயில் அட்டனுக்கு வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நடை குறைந்தது, கடன் குறையவில்லை. கப்பல் கூலி, வழிச்சோறு, கம்பளி, முன்பணம் எல்லாம் ஆளின் பேரில் பற்றாக ஏறின. அந்தக் கடனை ஒரு தாளில் எழுதித் 'துண்டு' என்றார்கள். துண்டிலுள்ள தொகையைக் கட்டும் துரைக்கு ஆளும் போய்ச்சேர்வான். 1921இல் இந்த முறையைச் சட்டம் ஒழித்தது.

கப்பலேறிய பயம், பாதையில் விட்டுவந்த பிணங்கள், ஊரில் விட்டுவந்த வயல், துண்டுக் கடன் எல்லாமே பாட்டாயின. மலையகப் பாட்டென்றால் வெளியார் முதலில் எடுப்பது இவற்றைத்தான். கருத்தரங்கு மேடையில் விளக்கை மங்கவைத்து, ஒரு பெண்ணை ஒப்பாரி பாடவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைவது வழக்கமாகிவிட்டது. அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனாலும் இந்தச் சனங்கள் இருநூறு ஆண்டாக அழுதுகொண்டேதான் பாடினார்கள் என்று நினைப்பது பெரிய பிழை. திரட்டிய பாடல்களைப் புரட்டிப் பார்த்தால் நக்கலும் ஏச்சும் காதலும் கணக்கு வழக்கும் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன.

கணக்கு வழக்கு என்பது சும்மா சொல்லவில்லை. தோட்டத்தில் ஒருநாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் பதிந்து, நிரை பிடித்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்கு கட்டி, மட்டக்கம்பை வைத்து வைத்துக் கொழுந்தெடுத்தால் நாள் முடிவில் முழுப் பேர் விழ வேண்டும். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, கூடைக்கு ஒரு கழிவு. கணக்கப்பிள்ளையின் பென்சில் எங்கே சறுக்குகிறது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது. கொப்பியில் கேட்க முடியாத கேள்வியைப் பாட்டில் கேட்டார்கள். அரைப் பேர் போட்டவனைச் சபிக்கும் பாட்டும், கங்காணியின் கோட்டையும் தலைப்பாகையையும் கிண்டல் செய்யும் பாட்டும், துரையை நம்பிக் கெட்டதைச் சொல்லும் பாட்டும் இப்படிப் பிறந்தவை.

கங்காணி பத்தடி தள்ளி நிற்கிறான், காதும் கேட்கிறது. பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சில வேளை சொந்தக்காரனே. அதனால்தான் இந்தப் பாட்டுகள் சாடையாகப் போகின்றன. ஒருத்தி தொடங்குவாள், நிரை முழுக்க வாங்கிப் பாடும். யாரைச் சொன்னாள் என்று கேட்டால் 'பாட்டுதானே' என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டு நடவுப் பாட்டில் பண்ணையாரைக் குத்தும் பழைய வித்தைதான் இது. வயலில் படித்ததை மலையில் பயன்படுத்தினார்கள்.

உலகின் வேறொரு மூலையிலும் இதே வித்தை ஒரு பெரிய இசையாயிற்று. அமெரிக்காவின் பருத்திக் காடுகளில் கறுப்பின அடிமைகள் பாடிய வேலைப் பாட்டுகளிலிருந்து புளூஸ் வந்தது, அதன் தோளில் ஏறி ஜாஸ் வளர்ந்தது. 1960இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் பாடகி ஆபி லிங்கனும் சேர்ந்து 'வி இன்சிஸ்ட்!' என்ற இசைத்தட்டைப் பதிந்தார்கள். அதன் முதல் பாட்டே அடிமைகளைச் சாட்டையோடு மேய்த்த மேற்பார்வையாளனைப் பற்றியது. அந்த ஆளைக் கங்காணியின் கொடூரமான ஒன்றுவிட்ட அண்ணன் எனலாம். அதே தட்டில் சொல்லே இல்லாத ஒரு பகுதியும் உண்டு. லிங்கன் முனகுகிறார், கத்துகிறார், பிறகு தணிகிறார். ஒப்பாரியில் வார்த்தை தீர்ந்தபின் வரும் இழுவையைக் கேட்டவர்களுக்கு அது அந்நியமாக இராது. தேயிலைத் தோட்டத்துக் கடனும் அமெரிக்க அடிமைமுறையும் ஒன்றல்ல. இங்கே ஆளை விற்கவில்லை, ஆளின் கடனை விற்றார்கள். ஆனால் காவலுக்கு நிற்பவன் காதில் விழும்படி பாடியாக வேண்டிய நெருக்கடி இரண்டு இடத்திலும் ஒன்று.

தோட்டத்தில் பாட்டுக்கு முன்னால் தப்பு என்ற தோல் மேளம் இருந்தது. விடிவதற்கு முன்னே லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் ஆட்களை எழுப்ப அடித்ததும் தப்பு, சாவுக்கு அடித்ததும் தப்பு, மாரியம்மன் திருவிழாவுக்கு அடித்ததும் தப்பு. அடி வேறுபடும், படுத்தபடியே கேட்பவருக்கு என்ன சேதி என்று விளங்கிவிடும். ஒரே தோல் வெள்ளைக்காரனின் நேரத்துக்கும் சாமியின் நேரத்துக்கும் உழைத்தது. அதை அடித்தவர்களின் மேலிருந்து சாதி முத்திரையும் இறங்கவில்லை. அதே மலை, அதே கூலி, அதே பத்தடிக் காம்பரா என்றாலும் தப்பை யார் தொடுவது என்ற கேள்வி கப்பலேறி வந்தது. படித்த பிள்ளைகள் சிலர் அப்பன் அடித்த தப்பைத் தொட மறுப்பதும், வேறு சிலர் அதையே தோளில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போவதும் இன்றைய மலையகத்தில் சேர்ந்தே நடக்கின்றன.

தப்பும் பாட்டும் முழுசாகச் சேரும் இடம் காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பிறகு தோட்டத்துப் பொது இடத்தில் கம்பம் ஊன்றுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதியும் ஆண்தான். பகலில் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிறவன் இரவில் மையும் நகையுமாக லயம் லயமாக ஆடிவருவான். வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் கிழவிகளுக்கு அவன் பக்கத்து லயத்துப் பையன் அல்ல, ரதிதேவி. கூத்து வாத்தியார் பழைய கொப்பியைப் பார்த்தோ நினைவிலிருந்தோ பாட்டை எடுத்துக்கொடுப்பார். கடைசி இரவு சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். ஊரே அழும் நேரம் அது. ஆனால் அதற்கு முன்னால் குறவனும் குறத்தியும் வந்து மணிக்கணக்காகச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். எமன் வரும்போது பிள்ளைகள் அலறியடித்துக்கொண்டு ஓடும், வீரபத்திரன் வந்தால் பெரியவர்களுக்கே கை நடுங்கும். விடியும்போது பெரட்டுக்கு ஆள் போக வேண்டும், அதுவும் நடக்கும்.

தஞ்சை, திருச்சிப் பக்கத்தில் காமன் கூத்து இருக்கிறது. ஆனால் மலையகத்தில் அது பிடித்த வேர் வேறு. டன்சினேன், ஹோலிறூட், எடின்பரோ என்று தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர் வைத்தார்கள். பூண்டுலோயாவின் டன்சினேன், ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் வரும் மலையின் பெயரைக் கொண்டது. அந்தத் தோட்டத்தில் கம்பம் ஊன்றியவர்களுக்கு அது காமன் பொட்டல். நிலம் யார் பெயரில் இருந்தாலும், வருஷத்தில் சில நாள் அந்தப் பொட்டல் கூத்துக்காரருடையது.

நிலம் தனியார் சொத்து என்பது இந்தக் கதையில் வெறும் சட்டச் சங்கதியல்ல. வெளி ஆள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரில் பிறந்து 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையில் குடியேறிய கோ. நடேசய்யர், தொழிலாளரைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தொழிற்சங்க வரலாறு இதையெல்லாம் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறது. அவர் மனைவி மீனாட்சியம்மாளுக்கு அதில் பல இடங்களில் ஒரு வரிதான். அது போதாது.

மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். பேச்சுக்கு முன்னால் கூட்டத்தைக் கூட்ட ஒரு பாட்டு என்ற கணக்கில் இதைத் தள்ளிவிட முடியாது. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்த பெண்கள் இரண்டு மணி நேரப் பேச்சை எவ்வளவு வாங்குவார்கள்? தெரிந்த மெட்டில் வந்த பாட்டு லயத்துக்குத் திரும்பும் வழியிலேயே வாயில் ஏறிவிடும், அடுத்த நாள் நிரைக்கும் போய்விடும். அத்துமீறல் வழக்குப் போட முடியாத ஒரே பிரசாரகர் பாட்டுதான். பாரதியின் பாடல்களைத் தோட்ட மேடைக்குக் கொண்டுவந்தவர், பிறகு தாமே கட்டினார். 1940இல் அவருடைய 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' வெளிவந்தது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கினார்கள். நேரு வந்து பேசிப் பார்த்தார், பலன் இல்லை. அந்த ஜூலையிலேயே இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இந்தியர் வெளியேற வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் மெட்டுக் கட்டி மறுமொழி சொன்னார். காட்டை வெட்டியது யார், ரோட்டைப் போட்டது யார், இப்போது போ என்று சொல்வது யார் என்ற வழக்கு அது. ஒப்பாரி மெட்டில் வந்தாலும் அதன் உள்ளடக்கம் மனு. ஆபிரகாம் ஜோசப்பின் கும்மிக்கு எழுபது ஆண்டு கழித்து வந்த சரியான பதில் என்றும் சொல்லலாம்.

இந்த வழியில் பாட்டெழுதி, அச்சடித்து, சந்தியில் நின்று பாடி, சில சதத்துக்கு விற்றவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். மெட்டு பெரும்பாலும் அந்தந்த ஆண்டின் சினிமா மெட்டு. பண்டிதர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கேட்டவர்களுக்கு அது பெரிய வசதி, புதிதாக மெட்டுப் படிக்க வேண்டியதில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை இன்னொரு வழியில் வந்தவர். 1914இல் பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தார். ஆங்கிலத்தில் எழுதினார். 1934இல் தாகூர் கொழும்புக்கு வந்தபோது தமது 'விஸ்மாஜினி' இசை நாடகத்தை அவர் கையில் கொடுத்த இளைஞர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் போனார்கள், தலவாக்கலையிலிருந்து போனவர் இவர். மறு ஆண்டே தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் வாக்குப் போட ஆள் இல்லாததால் அந்த ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தக் காலத்தில்தான் சி.வி.யின் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' ஆங்கிலக் கவிதை நூல் வெளிவந்தது. அதைச் சக்தீ பால அய்யா பின்னர் தமிழாக்கினார். விடியலில் அதிரும் தப்புச் சத்தத்தோடு தொடங்கும் அந்தக் கவிதை, தேயிலைத் தூரடியில் புதைந்தவர்களுக்கு ஒரு பாட்டு கூட இல்லையே என்று கேட்கிறது.

பாட்டு இருந்தது, எழுதி வைக்க ஆள்தான் இல்லை. அந்த வேலையையும் சி.வி. தாமே செய்தார். தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் திரட்டியவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் 1983இல் சென்னையில் புத்தகமாயின. அந்த ஆண்டு ஜூலையில் தமிழருக்கெதிரான கலவரத்தில் மலைநாட்டிலும் வீடுகள் எரிந்தன. மறு ஆண்டு சி.வி. காலமானார். பிறகு இந்தத் துறையைக் கையில் எடுத்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக வேலைபார்த்த சாரல்நாடன். அவருடைய 'மலையக வாய்மொழி இலக்கியம்' 1993இல் வந்தது. நடேசய்யரையும் மீனாட்சியம்மாளையும் தூசிதட்டி வெளியே கொண்டுவந்தவரும் அவரே. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைத் தொழிற்சாலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தார்.

இதற்கிடையே பாடியவர்களில் ஒரு பெரிய பகுதி கடலைத் தாண்டிவிட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அட்டனிலும் தலவாக்கலையிலும் தலைமன்னார் போகும் ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் விழுந்தது. அக்காள் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்று ஒரே காம்பராவைக் காகிதம் இரண்டாகக் கிழித்தபோது, பிளாட்பாரத்தில் உயிரோடிருப்பவர்களுக்கே ஒப்பாரி வைத்தார்கள். நீலகிரியிலும் வேறு இடங்களிலும் போய் இறங்கியவர்களை அங்கே சிலோன்காரர் என்றார்கள். இங்கே மிஞ்சியவர்கள் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழராகவே பதிவானார்கள்.

அப்படித் திரும்பிய ஒரு பாட்டியின் பேரன் அரக்கோணத்தில் வளர்ந்து பாடகரானார். 2021 மார்ச்சில் அறிவு எழுதி, பாடகி தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெங்கும் ஓடியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் கதையே பாட்டின் வித்து என்று அறிவு பல முறை சொன்னார். அடுத்த சில மாதங்களில் பாட்டு யாருடையது என்று சச்சரவு கிளம்பியது. ஒரு பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் ஏன் இல்லை என்று திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் கேட்டார், சமூக ஊடகம் கொதித்தது. தோட்டப் பாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழைய வழக்கு. பாடியவர் பெயர் இல்லாமல் பாட்டு மட்டும் ஊர்சுற்றுவது அங்கே நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். 2024இல் அறிவு வெளியிட்ட தனித் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். இந்த முறை பெயர் அட்டையிலேயே இருந்தது.

அந்தத் தொகுப்பு ராப். தப்பும் ஒப்பாரியும் அதில் உண்டு, கூடவே திமிரும் கேலியும் உண்டு. தோட்டத்துப் பழைய பாட்டுக்கு இது நெருங்கிய உறவு என்று சொல்லத் தோன்றுவது அந்தத் திமிரால்தான். சபா மேடையில் சுருதி சேர்த்து, சோகம் மட்டும் வடிகட்டிப் பாடும் 'மலையக நாட்டார் பாடல்' நிகழ்ச்சிகளைவிட இதில் பெரட்டுக் களத்தின் சூடு அதிகம்.

பழைய கதையைப் பாட்டால் மட்டுமல்ல, நடையாலும் நினைவுகூர்ந்தார்கள். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். மூதாதையர் வந்த அதே வழி. சிங்களவரும் முஸ்லிம்களும் கூட நடந்தார்கள், தங்கிய இடங்களில் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள்.

நடந்த வழியை மீட்டது போல மெட்டை மீட்பது எளிதல்ல. சி.வி.யின் தொகுப்பில் ஒரு குறை உண்டு, அது அவர் குறையல்ல. புத்தகத்தில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. இந்தப் பாட்டை எந்த வேகத்தில் எடுக்க வேண்டும், எந்த இடத்தில் நிரை சேர்ந்து வாங்க வேண்டும், கங்காணியைக் குத்தும் சொல்லை அழுத்த வேண்டுமா விழுங்க வேண்டுமா என்பது தெரிந்தவர்கள் இன்று எண்பதைத் தொடுகிற பாட்டிமார். ஒப்பாரி கேட்டு ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறவர்கள் உண்டு. அரைப் பேர்ப் பாட்டைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. கேட்டால் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பாடுவார்கள்.